கடுவன் தோட்டத்தில், குட்டிகள் விறகுப்புரையில்: பூனைகளை ராத்திரி எங்கே படுக்க வைப்பது?

கேள்வி: திருவட்டார் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே எங்கள் வீடு. முன்பக்கம் பழைய ஓட்டு வீடு. பின்னால் காங்கிரீட் அறை மூன்று: ஒன்றில் ஆட்கள் படுக்கிறோம், ஒன்று சாமான் அறை, ஒன்று பழைய அடுக்களை, இப்போது சும்மா கிடக்கிறது. 3 வயதுப் பெட்டைப் பூனை ஒன்று, ஒன்றரை வயதுக் கடுவன் (ஆண் பூனை) ஒன்று, பெட்டை போட்ட 2 மாதக் குட்டிகள் மூன்று. தாயும் குட்டிகளும் விறகுப்புரையில் படுக்கின்றன. கடுவன் ராத்திரி 8 மணிக்குப் போனால் விடிந்துதான் வரும். போன வாரம் கன்னம் வீங்கி, உடைந்து சீழ் வடிந்தது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போட்டிருக்கிறோம். வீட்டுக்குள் அடைக்கலாம் என்கிறேன் நான். "அடைச்சுப் போட்டா எலி யாரு பிடிப்பா" என்கிறார் மாமியார். ரப்பர் ஷீட்டைக் காயவைக்கப் புகை போடும் புரையில் அடைக்கலாம், கதகதப்பாக இருக்கும் என்கிறார் வீட்டுக்காரர். அவர் விடிகாலை 4 மணிக்கே ரப்பர் பால்வெட்டப் போகிறவர். நாலாம் வகுப்புப் படிக்கும் மகன் தன்னோடு கொசுவலைக்குள் படுக்கட்டும் என்கிறான். நாத்தனார் 7 மாதக் கர்ப்பிணி, பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பூனையே வீட்டில் ஆகாது என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். என்னதான் செய்வது?

பதில்: அம்மா, ஐந்தும் வீட்டுக்குள்தான். கடுவன் பழைய அடுக்களையில், தாயும் குட்டிகளும் சாமான் அறையில், இருட்டும் முன்னால் கதவு சாத்தியாக வேண்டும். புகைப்புரை கூடவே கூடாது. விறகுப்புரையும் வேண்டாம். மகனுடைய படுக்கையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்துவது இதில் கடைசி வேலை. பலரும் அதை முதல் வேலையாகச் செய்துதான் தோற்கிறார்கள். பூனையைத் துரத்திப் பிடித்து உள்ளே போட்டுச் சாத்தினால், மறுநாள் அது 5 மணிக்கே கண்ணில் படாமல் போய்விடும். முதலில் மாற வேண்டியது அதன் ராத்திரிச் சாப்பாடு.

அதற்கும் முன்னால் கன்னத்துக் காயம். கடுவன்கள் கடித்துக்கொள்ளும்போது பல் ஊசி மாதிரி இறங்குகிறது. மேல்தோல் ஒரே நாளில் ஒட்டிக்கொள்ளும், கிருமி உள்ளே சிக்கிக்கொள்ளும். 2 முதல் 5 நாளில் சீழ் கட்டி வீங்குவது அதனால்தான். முகத்திலும் முன்காலிலும் காயம் என்றால் எதிர்த்து நின்றிருக்கிறது. வாலடியில் என்றால் ஓடும்போது வாங்கியது. மஞ்சளையும் எண்ணெயையும் நிறுத்துங்கள். எண்ணெய் காயத்தின் வாயை அடைத்துச் சீழை உள்ளேயே நிறுத்திவிடும், பூசியதைப் பூனை நக்கவும் செய்யும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, சின்ன ஸ்பூனில் மட்டமாக ஒரு ஸ்பூன் உப்புக் கரைத்து, பஞ்சில் நனைத்து நாளுக்கு இருமுறை ஒற்றி எடுங்கள். டெட்டால் ஊற்றாதீர்கள், அது பூனைக்கு விஷம். வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாளைக்கே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். குழியைச் சுத்தம் செய்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் 10 முதல் 14 நாளில் ஆறிவிடும்.

கடித்தது இன்னொரு பூனை என்று நினைப்பீர்கள். பார்த்தவர் யாருமில்லை. தோட்டத்து நாயாகவும் இருக்கலாம். அதனால் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். காயத்தைத் துடைக்கும்போது கையுறை போடுங்கள். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வீட்டுப் பூனைதானே என்று விட்டுவிடக் கூடாது.

இனி ராத்திரி ஏன் வீட்டுக்குள் என்பதைப் பார்ப்போம். பூனை நடுராத்திரிப் பிராணி இல்லை. அதன் சுறுசுறுப்பு அந்தியிலும் விடியலுக்கு முந்தைய இருட்டிலும்தான் உச்சத்தில் இருக்கும். உங்கள் பக்கம் சூரியன் 6 மணிக்கும் 6.45க்கும் இடையில் மறைகிறது. தவளை, பல்லி, எலி எல்லாம் கிளம்பும் நேரம் அது. அவற்றைத் தேடிக் கட்டுவிரியனும் அப்போதுதான் கிளம்பும். ரப்பர் மரத்தடியில் இலைச்சருகு மூடிக் கிடக்கும் தரையில் கண்ணாடி விரியன் படுத்திருந்தால் பூனைக்கும் தெரியாது. பாம்பைச் சீண்டுவது பூனையின் வழக்கம். பெரும்பாலும் ஜெயிக்கும், தோற்பது ஒருமுறை என்றாலும் அதோடு முடிந்தது. அரை உயிராக இருக்கிற பாம்பைக் கவ்விக்கொண்டு வந்து, நீங்கள் பாய் விரித்துப் படுத்திருக்கும் அறையில் போடுவதும் உண்டு. இதற்கு மேல் மலைப்பாம்பு, மரநாய், நாய்க்கூட்டம். 2 மாதக் குட்டி இவற்றில் எதற்கும் ஒரு வாய்க்குத்தான் காணும்.

இருட்டில் வரும் இன்னொரு ஆபத்து சத்தமில்லாதது. மரச்சீனிக்கும் வாழைக்கும் எலி தொல்லை என்று பக்கத்துத் தோட்டங்களில் மருந்து வைப்பார்கள். கேக் மாதிரி விற்கும் புரோமாடியோலோன் தின்ற எலி உடனே சாகாது. ஓரிரண்டு நாள் தள்ளாடித் திரியும், பூனை சுலபமாகப் பிடிக்கும். அந்த எலியைத் தின்ற பூனைக்கு 2 முதல் 5 நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், மலத்திலோ மூக்கிலோ ரத்தம் வரும். வைட்டமின் கே ஊசியும் மாத்திரையும் வாரக்கணக்கில் கொடுத்தால் பிழைக்கும், தாமதித்தால் இல்லை. கறுப்புப் பொடியாக வரும் துத்தநாக பாஸ்பைடு என்றால் சில மணி நேரத்திலேயே காரியம் முடிந்துவிடும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. உங்கள் வீட்டில் மருந்து வைக்காததால் மட்டும் பூனை தப்பிவிடாது. நாலு தோட்டம் தாண்டிப் போகிற கடுவன் அது.

மாமியார் கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் எலி எங்கே தொல்லை கொடுக்கிறது? ஓட்டுத் தட்டிலும் அடுக்களையிலும் தேங்காய் போட்ட அறையிலும்தானே. அந்த நேரத்தில் உங்கள் கடுவன் அடுத்த வீட்டுப் பெட்டையைத் தேடி அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது! ராத்திரி வீட்டுக்குள் இருக்கிற பூனைதான் வீட்டு எலிக்குக் காவல். பெட்டைப் பூனை சாமான் அறையில் படுத்தாலே அந்த வாடைக்கு எலிகள் பாதை மாற்றும். வயிறு நிறைந்தால் எலி பிடிக்காது என்று பட்டினி போடுகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அதுவும் தப்பு. நிறைந்த வயிறோடும் பூனை வேட்டையாடும், தின்னாமல் போட்டுவிடும், அவ்வளவுதான். வீட்டுக்குள் அடைத்த பிறகு நீங்களும் எலி மருந்து வைக்கக் கூடாது. கூண்டுப்பொறி வைத்துக்கொள்ளுங்கள்.

புகைப்புரை விஷயத்தில் வீட்டுக்காரரிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள். ஷீட் காயவேண்டிய சூடு உயிருள்ள எதற்கும் ஆகாது. ஈர விறகு புகையும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். மனிதனைப் போலவே பூனையும் மயங்கி அப்படியே போகும். அடுப்பு அணைந்த நாளிலும் அந்தப் புரையில் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட் இருக்கும். சிந்தின இடத்தில் மிதித்துவிட்டுக் காலை நக்கினால் நாக்கு வெந்துவிடும். எச்சில் ஒழுக, சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் பூனைக்கு இப்படி வாய் வெந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ரப்பர் பால் முடியில் ஒட்டிக்கொண்டால் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கக் கூடாது, அது தோலையும் புண்ணாக்கும், நக்கினால் நுரையீரலுக்கும் போகும். காயவிட்டு, முடியோடு சேர்த்துக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். விறகுப்புரைக்குக் கதவு இருக்காது, விறகுக்கடியில் பாம்பு இருக்கும். அதைப் பற்றி வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அறைகள். முன்பக்க ஓட்டு வீட்டில் ராத்திரி பூனையை அடைக்கவே முடியாது. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி போதும், இல்லாவிட்டால் ஒரு ஓட்டைத் தலையால் முட்டி நகர்த்திவிட்டுப் போகும். அதே வழியாக வெளிக்கடுவன் உள்ளே வரும் என்பது இன்னும் மோசம். தன்னுடையதல்லாத குட்டிகளைக் கடுவன் கொல்வதுண்டு. அதனால்தான் காங்கிரீட் கூரை உள்ள அறையைச் சொல்கிறேன். ஜன்னலுக்கு நைலான் கொசுவலை போதாது, இரண்டே ராத்திரியில் நகத்தால் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷை மரச்சட்டத்தில் அடித்து உள்பக்கமாகப் பொருத்துங்கள், கொசுவுக்கு வேண்டுமானால் அதன் வெளியே வலை அடித்துக்கொள்ளலாம். அடுக்களைப் புகைப்போக்கி, அங்கணத் தண்ணீர் போகும் ஓட்டை, கதவின் கீழ் இடைவெளி எல்லாவற்றையும் பாருங்கள். குட்டியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். ஜன்னலை அடைத்துவிட்டு மின்விசிறி போடாமல் விடாதீர்கள். பங்குனி, சித்திரையில் காங்கிரீட் கூரை ராத்திரி 10 மணி வரை சூட்டை இறக்கும்.

சாமான் அறையில் இருக்கிற உரம், பூச்சிமருந்து, பழைய எலி கேக், பெயின்ட், கெரசின் எல்லாம் வெளியே போகட்டும். துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டையும் கற்பூரமும் பூனைக்கு விஷம். நூல், ஊசிநூல், தங்கூஸ் ஆகியவற்றை விழுங்கினால் குடலை மடித்துச் சுருக்கிவிடும், ஆபரேஷன் இல்லாமல் தீராது. தரையைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். பூனையின் ஈரலால் அந்த வகை ரசாயனங்களை உடைத்து வெளியேற்ற முடியாது. பாதத்தில் ஒட்டியதை நக்கி நக்கியே நோயாகிவிடும். சோப்புத் தண்ணீரும் வெயிலும் போதும். மூடின சின்ன அறையில் கொசுவர்த்திச் சுருள் வைத்துப் பூனையை அடைப்பதும் கூடாது. நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தைப் பூனை முதுகில் விடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. அதில் பெர்மெத்ரின் இருந்தால் சில மணி நேரத்தில் உடம்பு நடுங்கி வலிப்பு வரும்.

படுக்கைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஒன்றரை அடி நீள அகலமுள்ள அட்டைப்பெட்டி, ஒரு பக்கம் 7 அங்குல வாசல், உள்ளே மடித்த பழைய பருத்திச் சேலை. கடுவனுக்கு அதை மூன்று, நாலு அடி உயரத்தில், பழைய அடுப்புத்திட்டின் மேல் வையுங்கள். உயரத்திலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு படுப்பதுதான் பூனைக்கு நிம்மதி. தாய்க்கும் குட்டிக்கும் தரையிலேயே, மூலையில். கோணிச்சாக்கு வேண்டாம், அதன் நார் நகத்தில் மாட்டும், ஈரமும் காயாது. ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் துணியை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுங்கள். ஈரத்துணியில் படுக்கிற குட்டிக்குத்தான் படர்தாமரை முதலில் வரும். காதோரமும் முகத்திலும் வட்டமாக முடி உதிர்ந்தால் அதுவாக இருக்கலாம். தூக்கி விளையாடுகிற பிள்ளைகளுக்கும் அது ஒட்டும்.

மலத்தட்டு சரியில்லாவிட்டால் எல்லா ஏற்பாடும் கெட்டுப்போகும். கடுவனுக்கு ஒன்றே முக்கால் அடி நீளம், ஒன்றேகால் அடி அகலமுள்ள பிளாஸ்டிக் தொட்டி வேண்டும். கடைகளில் 'பூனைத் தட்டு' என்று விற்பவை பாதிக்கு மேல் சிறியவை, பூனை உள்ளே திரும்பவே முடியாது. குட்டிகளுக்கு விளிம்பு 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கடுவனின் தொட்டியில் மண் 2 அங்குலத்துக்கு மேல் ஆழமாக இருக்கட்டும். குளச்சல், முட்டம் பக்கம் போகிறவர்கள் கடற்கரை மணலை மூட்டை கட்டிக் கொண்டுவருவதுண்டு. உப்பு ஈரத்தை இழுக்கும், எப்போதும் நசநசவென்று இருக்கும், அதில் பூனை கால் வைக்காது. காய்ந்த தென்னை நார்த்தூள் நல்ல உறிஞ்சி, நாற்றத்தையும் அடக்கும், காலில் ஒட்டி வீடெல்லாம் இழுபடும் என்பதுதான் குறை. மரத்தூள் என்றால் மருந்து ஏற்றின மரத்தினுடையதா என்று பட்டறையில் கேளுங்கள், ரப்பர் மரப்பலகையைப் பூச்சி அரிக்காமலிருக்க ரசாயனத்தில் ஊறவைப்பது வழக்கம். இரண்டு மாதக் குட்டிகள் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். கட்டியாகும் கடை மண்ணை அவற்றுக்கு இன்னும் இரண்டு மாதம் கொடுக்காதீர்கள், வயிற்றில் போய்க் கட்டியாகிவிடும். தட்டு ஒரு மூலையில், சாப்பாடும் தண்ணீரும் எதிர்மூலையில்.

தட்டு வைத்த பிறகு ஒரு பொறுப்பு வருகிறது. கடுவன் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கி, சொட்டு சொட்டாக விட்டாலோ ஒன்றுமே வராவிட்டாலோ மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். ஆண் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் அடைத்துக்கொள்ளும். அன்றைக்கே மருத்துவரிடம் போகவில்லை என்றால் ஓரிரு நாளில் சாகும். தண்ணீர் குறைவாகக் குடிக்கிற பூனைக்கு இது சுலபமாக வரும். இரண்டு இடத்தில் மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், தினம் மாற்றுங்கள்.

இனி சாயங்காலம். இப்போது மிச்சம் மீதியை எந்நேரமும் புறவாசலில் வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை அடியோடு நிறுத்துங்கள். காலையில் கொஞ்சம், சாயங்காலம் 6 மணிக்கு வயிறு நிறைய, அதுவும் அறைக்குள் மட்டும். 4 கிலோ பூனைக்குச் சாயங்காலப் பங்கு வேகவைத்த மீனோ கோழியோ 80 கிராம், அதோடு ஒரு கரண்டி சோறு. கடைத் தீனி என்றால் 25, 30 கிராம். சாளை, நெத்திலித் தலைகளைப் பச்சையாகப் போடுகிற பழக்கம் நம் பக்கம் அதிகம். தினமும் அதுவே உணவானால் அதிலுள்ள ஒரு நொதி தயமின் என்ற பி வைட்டமினை அழித்துவிடும், வாரக்கணக்கில் போனால் பூனை தலையைத் தொங்கப்போட்டுத் தள்ளாடும். ஒரு கொதி வேகவைத்தாலே அந்த நொதி செத்துவிடும். தலையில் தூண்டில் முள் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பால் வேண்டாம், வயிறு போகும்.

முதல் மூன்று நாள் கதவைத் திறந்தே வைத்துச் சாப்பாடு போடுங்கள். தட்டில் ஸ்பூனால் தட்டும் சத்தம் ஒன்று, தினமும் அதே சத்தம், அதே நேரம், அதே ஆள். நாலாம் நாள் சாப்பிடும்போது மெதுவாகக் கதவைச் சாத்தி, சாப்பிட்டு முகம் கழுவி முடித்ததும் திறந்துவிடுங்கள். மாட்டிக்கொண்டோம் என்ற எண்ணம் வரக் கூடாது. ஆறாம் நாள் அரை மணி, எட்டாம் நாள் 9 மணி வரை, பத்தாம் நாள் விடியும் வரை. மருத்துவர் காயம் ஆறும் வரை அடைக்கச் சொன்னால் இந்தப் படிகளை விட்டுவிட்டு உடனே அடைக்கலாம், உடம்பு சுகமில்லாத பூனை முரண்டு குறைவாகப் பிடிக்கும். உங்களுக்கு இந்தச் சீழ் ஒரு விதத்தில் வசதிதான். சாப்பாட்டுக்கு முன்னால் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டுங்கள். நீள ஈர்க்கிலின் நுனியில் துணித்துண்டு கட்டித் தரையில் இழுத்தால் போதும், உங்கள் மகன் அந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும். துரத்தி, பிடித்து, தின்று, நக்கி, தூங்குவது என்பதுதான் பூனையின் வரிசை. விளையாடாமல் சாப்பாடு மட்டும் போட்டால் 11 மணிக்கு வேட்டை மனம் வந்து கதவைப் பிறாண்டும்.

கத்தும். கடுவன் கட்டாயம் கத்தும். முதல் நாலைந்து ராத்திரி கூடிக்கொண்டே போய்ப் பிறகுதான் குறையும், இரண்டு வாரம் என்று கணக்கு வையுங்கள். எட்டு நாள் பொறுத்து ஒன்பதாம் நாள் 2 மணிக்குப் பொறுக்கமாட்டாமல் திறந்துவிட்டால், "இவ்வளவு நேரம் கத்தினால் திறப்பார்கள்" என்று அது கற்றுக்கொள்ளும், அடுத்த முறை அதையும் தாண்டிக் கத்தும். உங்கள் வீட்டில் இன்னொரு சிக்கல், வீட்டுக்காரர் 4 மணிக்கு எழும்புவது. அந்தச் சத்தம் பூனைக்கு விடியலின் மணி. அவர் பழைய அடுக்களைப் பக்கம் போகாமல் முன்வாசல் வழியாகவே இறங்கட்டும், கத்தியும் ஹெட்லைட்டும் முந்தின நாளே முன்நடையில் இருக்கட்டும். பாவம் என்று அந்நேரத்தில் ஒரு மீன்துண்டு போட்டால் நாளை 3.30க்குக் கூப்பிடும். நன்றாக வெளிச்சம் வந்து, 7 மணி வாக்கில் திறங்கள். காலைச் சாப்பாடு திறந்து கால் மணி கழித்து. கதவு திறப்பதும் சோறும் ஒன்றோடொன்று கோத்துவிடக் கூடாது.

இவ்வளவும் செய்தாலும் கடுவன் கடுவனாகவே இருக்கும் வரை பாதிப் பயன்தான். காயம் ஆறியதும் விதைநீக்கம் செய்துவிடுங்கள். சிறிய ஆபரேஷன், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். அலைச்சலும் சண்டையும் சுவரில் மூத்திரம் பீச்சுவதும் சில வாரங்களில் படிப்படியாகக் குறையும். முதல் 4, 6 வாரம் பெட்டைக்குச் சினை பிடிக்க வைக்கும் வாய்ப்பு உண்டு, அதுவரை கவனம். கடுவன்களின் கடியால் பரவும் பூனை எய்ட்ஸ் வைரஸ் ஒன்று இருக்கிறது. மனிதருக்கு ஒட்டாது, பூனைக்குத் தீராது. சண்டையை நிறுத்துவதைத் தவிர அதற்கு நம்மிடம் நல்ல வழியில்லை. ஆண்மையை எடுப்பதா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். கன்னத்துச் சீழைக் காட்டுங்கள்.

பெட்டைக்கு அவசரம் அதிகம். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே மறுபடி சினைப்படும், 63 முதல் 65 நாளில் அடுத்த ஈற்று. ஆகவே இன்று ராத்திரியிலிருந்தே அதை அடைக்க வேண்டும், படிப்படி எல்லாம் இதற்குத் தேவையில்லை. குட்டிகள் இருக்கிற இடத்தில் தானாக இருக்கும். பால் மறந்து இரண்டு வாரம் கழித்துக் கருத்தடை ஆபரேஷன். குட்டிகளுக்கு 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, 3, 4 வாரத்துக்கொருமுறை 16 வாரம் வரை, 12 வாரத்தில் வெறிநோய் ஊசி. குட்டிகளுக்கு நாளுக்கு நாலு வேளை, கடைசி வேளை நீங்கள் படுக்கப்போகும் முன். மழைக்குளிரில் வெந்நீர் நிரப்பின பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு வேண்டாத குட்டி நகர்ந்து படுக்க இடம் வேண்டும்.

நாத்தனார் விஷயம். பக்கத்து வீட்டார் பயப்படுவது டாக்சோபிளாஸ்மா என்ற கிருமியை என்றால், பயம் முழுக்கப் பொய்யில்லை, ஆனால் பூனையைத் துரத்துவது அதற்கு வைத்தியமில்லை. பூனைக்கு அது வருவது எலி, பறவை, பச்சை இறைச்சியிலிருந்து. வந்தால் ஒன்றிரண்டு வாரம் மலத்தில் வெளியேறும், அதுவும் பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை. வெளியேறிய உடனே ஒட்டாது, 1 முதல் 5 நாள் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும். தினமும் காலையில் தட்டைச் சுத்தம் செய்தால் அந்த வழி பெரிதும் அடைபடும். அதை நாத்தனார் செய்யக் கூடாது, நீங்கள் செய்யுங்கள். ராத்திரி வேட்டையை நிறுத்துவதும் வேகவைத்த தீனியும் இந்தக் கிருமிக்கும் எதிரானவைதான். மடியில் உட்காருவதாலோ முடியாலோ இது வராது. அவள் கையுறையில்லாமல் தோட்டத்து மண்ணைக் கிளறுவதும், கழுவாத கீரையும், அரைவேக்காட்டுக் கறியும் பூனையைத் தடவுவதைவிட ஆபத்து. சந்தேகம் இருந்தால் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்கட்டும்.

குழந்தை பிறந்ததும் பூனை மூச்சை உறிஞ்சிவிடும் என்பது கதை. ஆனால் இளஞ்சூடும் மெத்தும் உள்ள இடத்தைப் பூனை தேடும், சேலைத் தொட்டிலைவிட அதற்குப் பிடித்த இடம் வீட்டில் வேறு இருக்காது. குழந்தையின் முகத்தோடு ஒட்டிப் படுத்தால் பச்சைக் குழந்தையால் நகர முடியாது. எனவே அவள் படுக்கும் அறைக்குள் பூனை போகாத பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள், குழந்தை வந்த அன்று தொடங்கினால் கதவிலேயே நின்று கத்தும். தொட்டிலை இப்போதே கட்டிப்போடாதீர்கள். கட்டிய பிறகு, குழந்தையை எடுத்ததும் துணியைச் சுருட்டி மேலே முடிந்துவிடுங்கள்.

மகன் கேட்டதற்கு: இந்த மாதம் இல்லை. சீழ் வடிகிற, குடற்புழு மருந்து கொடுக்காத, தெள்ளு பார்க்காத பூனை பிள்ளையின் படுக்கைக்கு ஆகாது. மகனுக்கு இழுப்போ தும்மலோ இருந்தால் எப்போதும் ஆகாது. காயம் ஆறி, விதைநீக்கம் முடிந்து, தடுப்பூசியும் புழு மருந்தும் கொடுத்து, வெண்துணியில் வாரினால் கறுப்புப் பொடி உதிராத நிலை வந்தபின் உங்கள் விருப்பம். அந்தப் பொடி தெள்ளின் எச்சம், நனைத்தால் சிவக்கும். எனக்குக் கேட்டால், பூனை கொசுவலைக்கு வெளியே கால்மாட்டில் ஒரு பெட்டியில் படுக்கட்டும் என்பேன். வலைக்குள் விட்டால் கிழிவது வலை, கடி வாங்குவது மகன்.

கோயில் கொடை, சர்ச் திருவிழா வெடிக்கட்டு உள்ள நாட்களில் 4 மணிக்கே அடைத்துவிடுங்கள். முதல் வேட்டுக்கு மிரண்டு ஓடுகிற பூனை வழி தவறி வேறு கடுவனின் எல்லைக்குள் போய்விடும். மழை ராத்திரிகளில் தப்பின பூனை சூடான வண்டி எஞ்சினுக்குள் ஏறிப் படுக்கும். காலையில் ஜீப்பை எடுக்கும் முன் பானட்டை இரண்டு தட்டுத் தட்டச் சொல்லுங்கள்.

என்றாவது 6 மணிக்குத் தட்டின சத்தத்துக்குக் கடுவன் வராமல் போகும். டார்ச் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போகாதீர்கள், அங்கே இருக்கிற விரியன் உங்களுக்கும் விரியன்தான். அரை மணிக்கொருமுறை வாசலில் நின்று அதே தட்டை அதே ஸ்பூனால் தட்டுங்கள், 10 மணி வரை. வராவிட்டால் சாப்பாட்டை எடுத்து உள்ளே வைத்து மூடிவிடுங்கள். இரக்கப்பட்டுப் புறவாசலில் வைத்தால் அதைத் தின்ன வருவது ஊர்க்கடுவனும் மரநாயும், மறுநாள் உங்கள் கடுவனும் வெளியிலேயே காத்திருக்கும்.